துணி எடுத்தாச்சா? வேலூர் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் மகளிர் சுய உதவிக் குழு அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

ஆனி முடியப் போகிறது. இன்னும் சில நாளில் ஆபீசர்ஸ் லைனிலும் மெயின் பஜாரிலும் ஆடித் தள்ளுபடி பேனர் தொங்க ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். இந்த ஆடி பிறந்ததிலிருந்து தீபாவளி முடிகிற வரைக்கும் நம் உறுப்பினர் யாரும் தள்ளுபடி விற்பனையில் எதையும் வாங்குவதில்லை, அதற்காகக் குழுவில் கடன் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. வாயால் பேசி விட்டுவிடாமல் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

நான் கொசப்பேட்டையில் தையல் வேலை செய்கிறேன். எங்கள் குழுவுக்கு ஊக்குநராகவும் இருக்கிறேன். கடன் பதிவேடும் என் கைக்கு வருகிறது, அந்தக் கடனில் வாங்கிய துணியும் தைக்க என் கைக்கே வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பதிவேட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் கடன் கேட்பவர்கள் அதிகம். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதுவோம். மாடு வாங்க என்றால் மாடு என்று எழுதுவோம், ஆபரேஷன் என்றால் ஆபரேஷன். 'குடும்பச் செலவு' என்று எழுதினால் அது பண்டிகைக்கு என்று கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டோம். குழுவின் உள்கடனில் 2 ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கி மாதம் ஆயிரமாகக் கட்டினால், கட்டி முடிப்பதற்குள் வட்டி மட்டும் 1,100 ரூபாய். அடுத்த ஆடி வரும்போது இந்தக் கடன் முடிந்தும் முடியாமலும் இருக்கும். இது நம் குழுப் பணம் என்பதால் வட்டி நமக்கே திரும்பி வருகிறது, பரவாயில்லை. குழுவில் கிடைக்காதவர்கள் வாரக் கடன் கொடுக்கிறவர்களிடம் போகிறார்கள். வார வசூலுக்கு ஆள் வந்து வாசலில் உட்காருகிற கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடனைக் கட்ட நம் குழுவில் இன்னொரு கடன் கேட்டு வருகிறார்கள். அப்போதும் 'குடும்பச் செலவு' என்றுதான் எழுதுகிறோம்.

இனி துணியைப் பற்றி. தள்ளுபடியில் வாங்கின புடவையைப் பிரித்து மேஜையில் போட்டால் முதலில் ரவிக்கைத் துண்டை அளப்பேன். 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பல புடவைகளில் 60, 65தான் இருக்கிறது. கொஞ்சம் உடம்பு உள்ள பெண் என்றால் கைக்குத் துணி போதாது. அவரே போய் அதே நிறத்தில் தனியாகத் துணி வாங்கி வருவார், அது சரியாகச் சேராது, மனசுக்கும் பிடிக்காது. புடவை நீளத்திலும் அப்படித்தான், கொசுவம் இரண்டு மடிப்பு குறையும். கடையில் கஞ்சி ஏற்றி மொடமொடவென்று இருப்பது ஒரு துவையலில் கந்தல் மாதிரி தொங்கும். பால்ஸ் அடிக்க இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஜரிகை என்று சொன்ன பிளாஸ்டிக் இழை சுருங்கி இழுத்துக்கொள்ளும். 'முந்தின விலை 1,999, இன்றைய விலை 799' என்று சீட்டு ஒட்டியிருக்கும். துணியைத் தொட்டுப் பார்க்கிற எந்தத் தையல்காரியும் சொல்வாள், அந்தப் புடவை எந்த நாளிலும் 1,999 பெற்றிருக்காது. எல்லாக் கடையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல சரக்கை நிஜமாகவே குறைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விற்பனைக் கூட்டத்தில், பின்னால் நிற்பவர் கையை நீட்டுகிற அவசரத்தில், எது எது என்று பார்க்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஆடித் தள்ளுபடி எப்படி வந்தது என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லை. காசு இருக்கிற வீட்டில் அது விதைக்கும் ஏருக்கும் போகும், 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றுதானே சொல்வார்கள். கடைக்கு ஆள் வராத மாதம் அது. தேங்கின சரக்கைத் தள்ள வியாபாரிகள் விலையைக் குறைத்தார்கள். அதாவது தேவை அவர்களுடையது. அதை எப்படியோ நம் தேவையாக மாற்றிவிட்டார்கள். ஆடியில் நமக்கு என்ன வேண்டும்? அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும், முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும் வேண்டும், கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கோ வள்ளிமலைக்கோ காவடி எடுத்துப் போக வேண்டும். இதில் எதற்கும் தள்ளுபடி அட்டை தேவைப்படவில்லை.

இப்போது ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தச் சலுகை, அது முடிந்தால் தீபாவளி, அப்புறம் புத்தாண்டு, பொங்கல். நடுவில் கைபேசியில் 'பிளாக் ஃப்ரைடே' வேறு. அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழன் ஒரு நன்றி சொல்லும் பண்டிகை, அதற்கு மறுநாள் நடக்கிற விற்பனை அது. அந்தப் பண்டிகை எது என்றே தெரியாத காட்பாடிப் பிள்ளைகள் அன்றைக்கு ஆர்டர் போடுகிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையிலேயே எதையும் வாங்காமல் இருப்பவர்களும் உண்டு. 1992-ல் கனடாவில் வான்கூவர் நகரத்துக் கலைஞர் ஒருவர் 'எதையும் வாங்காத நாள்' என்று ஒன்றைத் தொடங்கினார். முதலில் செப்டம்பரில் நடந்தது, 1997-ல் அதை இந்த விற்பனை வெள்ளிக்கே மாற்றினார்கள். கூட்டம் முட்டி மோதுகிற அன்றைக்கே கடைக்குப் போகாமல் இருந்து காட்டுவது என்று. நல்ல எண்ணம். ஆனால் ஒரு நாள் நமக்குப் போதாது. வெள்ளிக்கிழமை வாங்காததைச் சனிக்கிழமை வாங்கிவிட்டால் என்ன பலன்? நம் ஊரில் விற்பனை மாதக்கணக்கில் நடக்கிறது, ஆகவே விலகி இருப்பதும் அந்தப் பருவம் முழுக்க இருக்க வேண்டும். அதனால்தான் ஆடி முதல் தீபாவளி வரை என்று கேட்கிறேன்.

ஏன் குழுவாகச் செய்ய வேண்டும், அவரவர் வீட்டில் அவரவர் குறைத்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்கலாம். இந்த மடலை எழுதியதே அந்தக் கேள்விக்காகத்தான்.

பெண்கள் ஆசைப்பட்டு வாங்கிக் குவிக்கிறார்கள் என்று ஆண்கள் மேடையில் பேசுவார்கள், பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்குவார்கள். பதிவேட்டைப் பார்க்கிற எனக்கு அப்படித் தெரியவில்லை. தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போதே தெருக் குழாயில், ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூட வாசலில் ஒரே கேள்வி: "துணி எடுத்தாச்சா?" இல்லை என்று ஒரு தரம் சொல்லலாம், இரண்டு தரம் சொல்லலாம். மூன்றாவது தரம் கேட்கும்போது அந்தக் குரலில் வேறொன்று சேர்ந்துவிடும். வீட்டுக்காரருக்கு வேலை இல்லையோ, ஏதாவது பிரச்சினையோ என்று. அதுவும் கணவனை இழந்த பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கடன் வாங்குகிறோம். எனக்குத் தெரிந்து, தனக்கென்று ஒரு புடவை எடுக்கக் கடன் கேட்டு வந்தவர்கள் ரொம்பக் கம்மி. பிள்ளைக்கு, நாத்தனார் பிள்ளைக்கு, மாமியாருக்கு என்றுதான் கேட்டு வருகிறார்கள்.

இதைவிடக் கஷ்டம் தலை தீபாவளி. மகளைக் கட்டிக் கொடுத்த முதல் வருஷம். மாப்பிள்ளைக்குப் பேண்ட் சட்டை, மோதிரம், மகளுக்குப் பட்டு, சம்பந்தி வீட்டில் ஆளுக்கொன்று. கல்யாணக் கடனே தீர்ந்திருக்காது. இதில் ஒருத்தி மட்டும் "நாங்கள் எளிமையாகச் செய்கிறோம்" என்று சொன்னால் அந்தப் பேச்சு மகள் தலையில்தான் விழும். நான் அந்த அம்மாவிடம் போய் 'வாங்காதே' என்று சொல்ல மாட்டேன், சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் தெருவில் இருக்கிற எல்லாக் குழுவும் சேர்ந்து, தலை தீபாவளிக்கு மகளுக்கும் மருமகனுக்கும் ஆளுக்கு ஒரு துணி, ஒரு கிலோ இனிப்பு, அவ்வளவுதான் என்று எழுதிவிட்டால்? "எங்கள் குழுவில் முடிவு பண்ணிவிட்டோம், மீறினால் எனக்கு அபராதம்" என்று அவர் சம்பந்தியிடம் சொல்லலாம். அது அவருடைய ஏழ்மை ஆகாது, குழுவின் கட்டுப்பாடு ஆகும். சம்பந்தி அம்மாவும் ஏதோ ஒரு குழுவில் இருப்பவர்தானே. நம் மூன்று மாவட்டத்திலும் குழு இல்லாத தெரு எது?

பெண்கள் சேர்ந்து முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்தில் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டம், தூபகுண்டா கிராமம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடச் செய்தார்கள். அது ஊர் ஊராகப் பரவி, சாராய ஏலத்தையே நடத்த முடியாமல் ஆனது. 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுக்கச் சாராயத்துக்குத் தடை. வீட்டுக்குள் ஒவ்வொருத்தியும் தனியாக அழுதுகொண்டிருந்தவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஜவுளிக் கடையைச் சாராயக் கடையோடு ஒன்றாக வைத்துப் பேசவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாருடைய கடையையும் மூடச் சொல்லவில்லை. நாம் போகாமல் இருப்போம், அவ்வளவுதான்.

கடையில் வேலை செய்கிற பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஜவுளிக் கடையில் நிற்கிற பெண்களில் பலர் நம் உறுப்பினர்களின் மகள்கள். உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் வந்தாலும் விற்பனைக் கூட்டத்தில் உட்கார முடியுமா? தீபாவளிக்கு முந்தின வாரம் நாம் பத்துப் புடவையைப் பிரிக்கச் சொல்லி ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறோம், அந்தப் பெண் பத்தையும் மடித்து அடுக்கிவிட்டு அடுத்தவருக்குப் பிரிக்கிறாள். கூட்டம் குறைந்தால் வேலை போய்விடாதா என்று என் தங்கை மகளே கேட்டாள். நியாயமான கேள்விதான். நாம் வருஷம் முழுக்க, தேவைப்படும்போது, முழு விலை கொடுத்து வாங்கினால் அந்தக் கடைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். நாற்பது நாளைக்கு ஆள் எடுத்து விடிய விடிய நிற்க வைத்து அப்புறம் அனுப்பிவிடுவது யாருக்கு நல்லது?

இன்னொன்றை நம் ஜில்லாக்காரர்கள் மறக்கவே கூடாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் நம் பெண்கள் தைக்கிற ஷூ கப்பலேறி வெளிநாட்டுக் கடைக்குப் போகிறது. அங்கே விற்பனை என்று சொல்லிப் பாதி விலைக்கு விற்கிறார்கள். தோல் பதனிட்ட கழிவு பாலாற்றில் இறங்கியதைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று நாடு முழுக்க எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது, நம் கிணற்றுத் தண்ணீரால் வந்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்துப்போனார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. தோல் வேலையில் நம் குழுக் குடும்பங்கள் எத்தனையோ சாப்பிடுகின்றன, அந்த வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலிவு விலை என்று எங்கே பார்த்தாலும் குறைந்துபோன அந்தப் பணத்தை வேறு யாரோ, வேறு ஏதோ ஒரு ஊர் கட்டியிருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புத்தகத்தில் படித்தால்தான் தெரியும்.

கைபேசியில் வாங்குவதும் தீர்மானத்தில் சேர வேண்டும். 'இன்னும் இரண்டே உள்ளன', 'பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை ஏமாற்று உத்தி என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறையிலேயே சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட உத்திகள் 13 என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். வட்டியில்லாத் தவணை என்று பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிறார்கள் அல்லவா, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள்ளே இருக்கும், இல்லாவிட்டால் நடைமுறைக் கட்டணம் என்ற பெயரில் வரும். பொண்ணுங்களே, பத்தாவது படிக்கிற மகள் கைபேசியை எடுத்து அம்மா பெயரில் ஆர்டர் போடுகிறாள். அவளையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

தீபாவளிச் சீட்டைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இங்கே இடம் போதாது. பணம் கட்டுகிற தைரியம் இருந்தால் அதே தொகையைக் குழுச் சேமிப்பில் கட்டுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சீட்டில் ஏமாந்த வீடு வட ஆற்காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கிறது.

சரி, பிள்ளைகள் பண்டிகைக்குப் பழைய துணியா போடுவார்கள் என்று கேட்பீர்கள். வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு புதுத் துணி எடுங்கள், விற்பனை நாளில் எடுக்காமல் முன்கூட்டியே எடுங்கள். லுங்கிக்குக் குடியாத்தம் இருக்கிறது, பட்டு கட்டாயம் வேண்டும் என்றால் ஆரணி இருக்கிறது. நெய்தவர் கையில் கொஞ்சமாவது போய்ச் சேரும். கோ-ஆப்டெக்ஸிலும்தானே தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அது கைத்தறி தேங்கிவிடாமல் இருக்க அரசின் மானியத்தோடு வருவது. அதற்கு மட்டும் குழு விரும்பினால் விலக்குக் கொடுக்கலாம், அங்கேயும் தேவைக்கு ஒன்றுதான். பெட்டியில் கிடக்கிற கல்யாணப் பட்டில் மகளுக்குப் பாவாடை சட்டை நன்றாக வரும், சின்னப் பிள்ளை என்றால் ஒரு புடவையில் அக்காவுக்கும் தங்கைக்கும் சேர்த்தே வரும். கிழிந்த பக்கத்தைத் தவிர்த்து வெட்டத் தெரிந்த தையல்காரி உங்கள் தெருவிலும் இருப்பாள்.

தீபாவளிதான் எனக்கும் வருமானம். நீங்கள் துணி எடுக்காவிட்டால் என் மெஷினும் ஓடாது. அது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் பேசிவிட்டேன். விடிய விடிய தைத்து, துணி பத்தவில்லை என்று வாங்கி வந்தவரிடம் சொல்லி, அவர் முகம் வாடுவதைப் பார்த்து, அதே ஆள் அடுத்த வாரம் கூட்டத்தில் தவணை கட்ட முடியாமல் தலை குனிந்து உட்காருவதையும் பார்க்கிற வருமானம் எனக்கு வேண்டாம்.

தீர்மானம் எப்படி எழுதுவது என்று சில குழுக்கள் கேட்டீர்கள். நீளமாக வேண்டாம். "ஆடி 1 முதல் தீபாவளி வரை தள்ளுபடி விற்பனையில், கடையிலோ கைபேசியிலோ, உறுப்பினர் எவரும் வாங்குவதில்லை. பண்டிகைத் துணிக்கு உள்கடன் வழங்குவதில்லை. தலை தீபாவளி வரிசை ஆளுக்கு ஒரு துணி, ஒரு கிலோ இனிப்பு. மருத்துவம், கல்வி, தொழில் கடன்கள் வழக்கம்போல்." இவ்வளவு போதும். மீறினால் அபராதம் எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம். மீறியவரைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம், அவமானத்துக்குப் பயந்துதானே இத்தனையும் நடந்தது. தீர்மானத்தின் நகலை ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் நகர்ப்பகுதிக் கூட்டமைப்பிலும் கொடுங்கள், பக்கத்துத் தெருக் குழுவுக்கும் ஒரு நகல் போகட்டும். தெருவில் ஒரு குழு எழுதி இன்னொரு குழு எழுதாவிட்டால் பழைய கேள்வி மறுபடியும் குழாயடிக்கு வந்துவிடும்.

கார்த்திகை மாதக் கூட்டத்தில் பதிவேட்டைத் திறந்து, போன வருஷம் இதே நேரத்தில் எவ்வளவு உள்கடன் வெளியே நின்றது, இந்த வருஷம் எவ்வளவு நிற்கிறது என்று வாய்விட்டுப் படியுங்கள். கையில் மிச்சம் இருக்கிற தொகையை என்ன செய்வது என்று அன்றைக்கே பேசி முடிவெடுங்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டியைப் பாதியாக்கிக் கொடுக்கலாம் என்பது எங்கள் குழுவின் யோசனை. உங்களுக்கு வேறு தோன்றினால் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொசப்பேட்டையிலிருந்து ஒரு குழு ஊக்குநர்